பங்காளி

கிண்டி ஓட்டலின் மூன்றாம் மாடியில்
இரண்டு பெரிய நாடுகள் உட்கார்ந்திருந்தன.
மேசைக்கொடிகளின் உயரத்தை
ஸ்கேல் வைத்து அளந்தார் ஒருவர்.
அரை சென்டிமீட்டர் கூடியிருந்த கொடியின் அடியிலிருந்து
டிஷ்யூ பேப்பரை உருவியதும்
அமைதி திரும்பியது.

எனக்கு வேலை பக்கத்து அறையில்.
கூட்டறிக்கை ஆங்கிலத்தில் வரும்,
மாலைக்குள் தமிழாக்க வேண்டும்.
பதினொரு மணிக்கு நாலு பக்கம் இருந்தது.
ஒரு மணிக்கு இரண்டரை.
தீவுகளின் பெயர்கள் முதலில் போயின,
பிறகு அவற்றைச் சுற்றியிருந்த தண்ணீர்.
சின்ன நாடுகள் எல்லாம்
'முதலியன'வுக்குள் ஒண்டிக்கொண்டன.

ஒரே லிஃப்டில் ஏற மாட்டோமென்று
இரு தரப்பும் படியிறங்கியதை
சப்ளையர் வில்வநாதன் வந்து சொன்னார்.
கேசரிக்கு மட்டும் ஒரே வரிசையாம்.

சாப்பாட்டுக்குப் பின் வந்த தாளில்
ஒரு சொல் உயிரோடிருந்தது: பார்ட்னர்ஸ்.
கூட்டாளிகள் என்று எழுதினேன்,
ஸ்டேஷனில் தேடுகிற ஆட்கள் போலிருந்தது.
பங்குதாரர்கள்: சீட்டுக் கம்பெனி.
பங்காளிகள் என்று அடித்தேன்.
கை நின்றுவிட்டது.

அயனாவரத்தில் எனக்கும் ஒருவன் இருக்கிறான்.
பெரியப்பா மகன் குலசேகரன்.
நடுச்சுவர் யாருடையது என்று
பதின்மூன்று வருடமாக வாய்தா.
போர் ஒன்று, மோட்டார் ஒன்று.
ஒற்றைப்படைத் தேதி அவனுக்கு, இரட்டைப்படை எனக்கு.
முப்பத்தொன்றும் ஒன்றும்
அடுத்தடுத்து வருவதற்குத் தனித் தகராறு.

வெள்ளம் வந்த டிசம்பரில்
அவன் தோளில்தான் என் சிலிண்டர் மாடியேறியது.
மறுவாரம் அதே தோளில் துண்டு போட்டு
கோர்ட்டுக்கு வந்தான்.
ஒரே ஷேர் ஆட்டோவில் திரும்பினோம்.
அவன் காசை அவன் கொடுத்தான்.

பங்காளிக் காய்ச்சல்
எந்த மாத்திரைக்கும் இறங்காது.
ஆனால் என் வீட்டில் சாவு விழுந்தால்
தீட்டு அவனுக்கும் உண்டு,
எந்த வக்கீலும் அதைப் பிரித்துத் தர முடியாது.

ஹெப்சிபா மேடம் படித்துவிட்டு
கண்ணாடியைக் கழற்றினார்.
"இதென்னம்மா, சண்டைக்காரங்க மாதிரி இருக்கே."
"ஆமாம் மேடம்."
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.
நட்பு நாடுகள் என்று மாற்றி அனுப்பினோம்.

கீழே கறுப்புக் கார்கள்
வேறு வேறு வாசலால் வெளியேறின.
ஸ்கேல்காரர் இரண்டு கொடிகளையும்
ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருட்டி
ஒரே துணிப்பையில் போட்டுக்கொண்டு
பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

போன் அதிர்ந்தது. தேதி முப்பத்தொன்று.
'உன் டேங்க் காலி. கால் மணி நேரம்
வால்வு திருப்பி விடறேன்.
ரெண்டாம் தேதில கழிச்சுக்குவேன்.'

சரி என்று போட்டேன்.
நன்றி போடவில்லை.