கால் ஊன்றாதீர்கள்

காலை ஆறு மணிக்குக் கடற்படைக்காரர் பெயர்களை எண்ணுவார்.
பயணிகள் எட்டுப்பேர். ஆறு அடையாள அட்டை,
இரண்டு வெளிநாட்டுக் கடவுச்சீட்டு.
பிறகு வள்ளக்காரன் றொக்சன்.
கடைசியில் நான்: எமில்டா, வழிகாட்டி.
அந்தத் தாளில் "போகும் காரணம்" என்று ஒரு பெட்டி உண்டு.
முன்பெல்லாம் அதில் "வீடு" என்று எழுதுவேன்.
நெடுநேரம் பார்ப்பார்கள்.
இப்போது "சுற்றுலா" என்று எழுதுகிறேன்.
முத்திரை கெதியாய் விழுகிறது.

இரணைமாதா நகரிலிருந்து பைபர் வள்ளம்.
ஐந்து கயாக்குகளும் அதன் முதுகில் கட்டிக் கிடக்கும்,
மஞ்சள் நிறம், ஏதோ நிறுவனத்தின் பெயர்
பாதி உரிந்து.
பங்குனிக் கடல். சோளகம் இன்னும் எழும்பவில்லை.
தாச்சியில் ஆறவிட்ட எண்ணெய் மாதிரித் தண்ணீர்.

இரண்டு தீவுக்கும் நடுவில் இறக்கிவிட்டுச்
சொல்லவேண்டியதைச் சொல்வேன்.
சவளை இவ்வளவு ஆழமாகக் குத்தவேண்டாம், இது உழவில்லை.
கண்ணாடிக்குள் துப்புங்கள், கூச்சப்படாமல் துப்புங்கள்,
அலசிப் போட்டால் புகார் பிடிக்காது.
மூக்கு என்று ஒன்று இருப்பதை மறந்துவிடுங்கள்.
முருகைக்கல்லில் மட்டும்
கால் ஊன்றாதீர்கள்.

இதைச் சொல்லும்போதெல்லாம்
என் உள்ளங்கால் கூசும்.

நான் இந்தக் கடலைக் காலால்தான் படித்தேன்.
வற்று நேரத்தில் இடுப்பளவு நீரில் இறங்கிப்
பத்துப் பெண்கள், பாவாடையை முடிந்துகொண்டு,
நிமிர்ந்தபடியே நடப்போம்.
பெருவிரல் சொல்லும்: இது சாதாளை, இது சேறு,
இது வெறும் சிப்பி,
இது அட்டை.
அட்டை என்றால் மட்டும் குனிவோம்.
திருக்கை படுக்கும் இடத்தில் காலைத் தூக்காமல்
தேய்த்துத் தேய்த்துப் போவோம்.
பன்னிரண்டு வருஷம் மிதித்த தரை.
ஒருநாளும் பார்த்ததில்லை.

முப்பத்தாறு வயதில், பயிற்சி தர வந்த ஒரு பெடியன்
கண்ணாடியை என் முகத்தில் இறுக்கித்
தலையைக் கீழே அமுக்கினான்.
குழாய்க்குள் கத்தினேன்.
இவ்வளவு காலமும் நான்
ஓர் ஊரின் கூரைகளுக்கு மேலால்
நடந்து திரிந்திருக்கிறேன்.

இன்றைக்கு ஒஸ்லோவிலிருந்து பவித்திரன்,
சவள் போட்டதைவிடப் படம் எடுத்தது அதிகம்.
"இதுக்குள்ள கப்பல் கிப்பல் ஏதும் தாண்டு கிடக்கா?"
எல்லாரும் கேட்பதுதான்.
இங்கே தாண்டவை
காசு வாங்கிக்கொண்டு காட்டக்கூடியவை அல்ல.
"ஓரா மீன் கிடக்கு" என்றேன்.

பிறகு அவர் உப்புத்தண்ணீர் குடித்து, பயந்து,
எழுந்து நின்றுவிட்டார்.
அப்பளம் நொறுங்கியது போல் ஒன்று
என் குதிக்கால் வரை வந்தது.
சுட்டுவிரல் நீளத் துண்டு.
அது வளர எத்தனை வருஷம் என்று எனக்குப் பாடமாக்கித் தந்திருக்கிறார்கள்.
சொல்லவில்லை.
என் கால்களின் கணக்கை யார் கேட்டது?

திரும்பும் நேரம் தலைகளை எண்ணினேன்.
ஏழு.
மறுபடியும் ஏழு.
றொக்சன் வள்ளத்தில் எழுந்து நின்றான்.
"தர்ணிகா!" என்று பவித்திரன் கத்தினார்.
அந்த ஒஸ்லோக் குரலுக்குள்ளிருந்து
முல்லைத்தீவு வெளியே வந்தது.

நாற்பது முழம் தள்ளி, ஆழமில்லாத இடத்தில்
குப்புறக் கிடந்தாள், அசைவில்லை.
கிட்டப் போனேன்.
குழாயின் நுனியில் மூச்சு
குறட்டை போல் போய் வந்துகொண்டிருந்தது.

கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்திவிட்டு
அவளுக்குப் பக்கத்தில் நானும் முகத்தை இறக்கினேன்.
மணலில் ஓர் அட்டை போய்க்கொண்டிருந்தது.
ஒரு சாண் கடக்க அரைமணித்தியாலம் பிடிக்கும் நடை.
அவளும் அதனோடு போய்க்கொண்டிருந்தாள்.

என் கண் தன்பாட்டில் அளந்தது:
முதலாம் தரம், காய்ந்தால் இத்தனை கிராம்,
கொம்பனிக்காரன் தரும் விலை.
நீருக்குள் பெருவிரல் ஒருமுறை வளைந்தது.

பின்னால் தகப்பன் சவளால் கயாக்கைத் தட்டுகிறார்.
பத்து மணிக்குள் எட்டுப்பேரையும்
கரையில் எண்ணிக் கொடுக்கவேண்டும்.

இன்னும் ஒரு சாண் போகட்டும்.