நாலு நிமிடம்

வெள்ளவத்தையில், ரயில் போகும்போதெல்லாம்
கண்ணாடி அதிரும் கடை என்னுடையது.
ஜெசிந்தா மிஸ் ஐந்து கசற்றைக் கவுண்டரில் பரப்பி
"எல்லாம் ஒரே டிஸ்கில் வேணும்" என்றா.
"கனடாவுக்குத் தபால் செலவு தெரியும்தானே."

ஒரு மணித்தியாலம் என்றால் இமைமயிர் எண்ணலாம்.
ஐந்து என்றால், மிஸ், முகம் இருக்கும்,
முகத்தில் இருந்தது இராது.

நம்பவில்லை. அமத்தி, ஓட்டிக் காட்டினேன்.
பிறந்தநாள் கேக், அசையாத ஆட்கள்,
அசையாத திரைச்சீலை.
"பாத்தீரே, நல்லாத்தானே கிடக்கு."

பிறகு காலிமுகத்திடல்.
எந்த அலையும் முந்தின அலை இல்லை,
கணினிக்குக் கடல் பாடமாகாது.
நுரை சதுரம் சதுரமாய் உடைந்தது.
அதற்குள்ளே காற்சட்டையை முழங்கால்வரை மடித்தபடி
ஒருவர் திரும்பி, கமராவைப் பார்த்து
ஏதோ சொன்னார்.
காற்றுத்தான் கேட்டது. வாய் ஒரு சதுரம்.

மிஸ் கதிரையை விட்டு எழும்பிக் கிட்ட வந்தா.
"திருப்பிப் போடும்."
போட்டேன்.
"அமத்தாமல் போடும்."
கசற்றையே போட்டேன்.
உதடு இரண்டாய்ப் பிரிந்து மூடியது,
மீசையில் ஒரு துளி.

வெளியே பஸ்காரன் தெஹிவளை, கல்கிசை என்று
ஒரே மூச்சில் கத்திக்கொண்டு போனான்.

"கேக்குகளை எப்படியும் அடையும்.
கடல் எவ்வளவு நேரம்?"
"நாலு நிமிசம், மிஸ்."
"அது தனியா."

பில்லில் எழுதினேன்: டிஸ்க் இரண்டு.
இரண்டாவதில் நாலு நிமிடம் போக
மிச்சமெல்லாம் வெறும் தட்டு.
அதற்கும் காசு எடுத்தேன்.