கடல்நுரை

நாற்பது நாள் லீவில் வந்திருக்கிறாய், ஸ்டெர்லின்.
பெட்டியைப் பிரிக்கும் முன்னமே
மட்டிக்குலையில் கை வைக்கிறாய்.
கூண்டுக்குள்ளிருந்து பார்க்கிறாள் அவள்,
தொண்டைத் தோலை விசிறியாய் விரித்து.
தெரியும், இக்வானாவுக்கு மட்டி பிடிக்கும்.
முதலில் இருந்தவனுக்கும் பிடித்திருந்தது.

அவன் கதையை உன்னிடம் முழுதாய்ச் சொல்லவில்லை.
செத்துப் போச்சு என்றேன்.
நெட்வொர்க் போயிற்று,
அல்லது நான்தான் வைத்துவிட்டேன்.

ஒரு வருஷம் அவன் தின்றது
மிச்சச் சோறு, மட்டி, முட்டை மஞ்சள்,
றோஸ்மேரியக்காள் ஆசையாய் நுள்ளிப்போட்ட புட்டு.
கொழுகொழுவென்று இருந்தான். எல்லாரும் மெச்சினார்கள்.
ஒருநாள் திரைச்சீலையில் ஏறப்போய்
பின்னங்கால் நடுங்கிற்று,
மேசைமேல் போன் அதிர்வதைப்போல.
தாடையைத் தொட்டேன்.
சிரட்டையில் உறைந்த ரப்பர்பாலாய் அமுங்கிற்று.

மார்த்தாண்டத்தில், எலும்பு டாக்டர் கிளம்பினபின்
மனிதர்கள் படுக்கும் மேசையில் அவனைக் கிடத்தி
நானே ஒரு எக்ஸ்ரே எடுத்தேன்.
பதினொரு வருஷமாய் எலும்பு பார்க்கிறவள்,
பைக்கில் விழுந்தது, பலாவிலிருந்து விழுந்தது,
சும்மா படியிறங்கையில் ஒடிந்தது.
அந்தப் படத்தில்
எலும்பு இருக்கவேண்டிய இடத்தில்
ஜூன் மாதத்து வேளிமலை இருந்தது.
ஓரக்கோடு மட்டும், உள்ளே மஞ்சு.

நாகர்கோவில் மிருக டாக்டர் கொஞ்சம்தான் பேசினார்.
தீனியில் சுண்ணாம்புச் சத்து இல்லையென்றால்
உடம்பு தன் எலும்பிடமே கடன் கேட்குமாம்.
தினமும் கேட்குமாம்.
வட்டிக்காரனைப்போல் அல்ல, பிள்ளையைப்போல்.
எலும்புக்கு இல்லையென்று சொல்லத் தெரியாது.

அதனால் கேள்.
பச்சையாய் இருக்கிறதே என்று பாலக்கீரை போடாதே,
இருக்கிற சுண்ணாம்பையும் அது பூட்டிவைக்கும்.
முருங்கை. அகத்தி. செம்பருத்தி, இலையும் பூவும்.
மருந்தடித்த செடி வேண்டாம்.
றோஸ்மேரியக்காள் வேலியில் அடிப்பதில்லை, கேட்டுவிட்டேன்.
காம்பு காம்பாய் உருவ நேரமாகும்.
நாற்பது நாள் இருக்கிறதே.

அலமாரியில், ஹார்லிக்ஸ் குப்பியில் உள்ள வெள்ளைப்பொடி
முகத்துக்குப் போடுவதல்ல.
குளச்சலில், ஏலம் முடிந்த கரையில் பொறுக்கிய கணவாய் ஓடு.
கடல்நுரை என்பார்கள்.
ஊறவைத்து, உப்பு போகக் கழுவி,
வெயிலில் போட்டு, மிக்ஸியில் பொடித்தேன்.
மிக்ஸி இன்னும் கடல் மணக்கிறது, மன்னித்துக்கொள்.
கீரைமேல் ஒரு நுள்ளு போதும்.

பிறகு வெயில்.
ஜன்னல் கண்ணாடி தாண்டி வருவது வெறும் வெளிச்சம்,
நீ வீடியோ காலில் வருவதைப்போல.
பார்க்கலாம். எலும்பில் சேராது.
மொட்டைமாடிக்குத் தூக்கிப்போ, காலையில்,
பாதி நிழல் விட்டு.
இரண்டு மழையும் பெய்கிற ஜில்லா இது,
மாடி காயாத வாரங்கள் உண்டு.
அப்போதைக்குத்தான் அந்தக் குழல்விளக்கு.
ஆறு மாதத்தில் மாற்றவேண்டும்,
எரிந்துகொண்டிருந்தாலும் மாற்றவேண்டும்.
எரிவது வேறு, கொடுப்பது வேறு.

வேலியில் போன ஓணானை மடியில் கட்டினவள் என்று
உன் அண்ணன் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.
வேலியில் போகிறதுக்கு யாரும் பொடி தூவவேண்டாம்,
அதற்குத் தன் வெயில் இருக்கிறது, தன் இரை இருக்கிறது.
மடியில் கட்டினது நாம்.
குத்துதே குடையுதே என்று சொல்ல
நமக்கு வாயில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தால்
மட்டியில் கால் துண்டு கொடுக்கலாம்.
அது உன் கையாலேயே இருக்கட்டும்.

குலையிலிருந்து கையை எடுத்துவிட்டாய்.
முறத்தை மடியில் வைத்து உருவத் தொடங்குகிறாய்,
எண்ணெய்க் கிணற்றில் நட்டு முடுக்கிய விரல்களால்,
பாதி இலை தரையில்.
அவள் கண்ணாடியில் நாக்கைத் தொட்டுப் பார்க்கிறாள்.

தலை நிமிராமல் கேட்கிறாய்:
“ராத்திரி நீ என்னத்த தின்னுவ, ஒத்தைக்கு?”

ஏற்கெனவே இறுகியிருக்கிற
குப்பியின் மூடியை
இன்னொரு தடவை இறுக்குகிறேன்.