எலிசேயோ தூங்குகிறான்

குளிர்பெட்டிக்கென்று சேர்த்த பணம்
நான்கு கறுப்புக் குழாய்களாகி
கொமொதோரோவிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கியது.
முட்டைக்காகத்தான் என்று சொல்லிவிட்டேன்.
கணக்கும் சரியாகவே இருந்தது:
பண்ணையிலிருந்து ஊருக்கு
நூற்று முப்பது கிலோமீட்டர் சரளை;
புறப்படும்போது முந்நூறு,
போய்ச்சேரும்போது இருநூற்று அறுபது.
மீதி நாற்பதைப்
பிக்கப்பின் பின்தொட்டியில் நாய் நக்கிக்கொண்டிருக்கும்.

எலிசேயோவின் இடுப்பைக் கணக்கில் எழுதவில்லை.
ஊரில் இறங்கியதும் கதவைப் பிடித்தபடி
அரை நிமிடம் டயரைப் பார்ப்பான்.
டயரில் ஒன்றும் இருக்காது.

காற்றும் லாரிகளும் சேர்ந்து
வரிவரியாய்ச் சீவிவைத்த சாலை.
சீப்பின் பற்களில் நகத்தை இழுத்தால்
கிர்ரென்று வருமே,
அதை மூன்று மணி நேரம்
பல்லுக்குள் வைத்துக்கொண்டு போவது.
கோழி செத்ததைக்கூடக் கத்தித்தான் சொல்ல வேண்டும்.
கத்திச் சொல்லுமளவு பெரிய செய்தி
எங்களிடம் அதிகம் இல்லை.

பழைய ஷாக்கைக் கழற்றவே ஒரு சனிக்கிழமை போயிற்று.
மேல் நட்டு சுலபம்.
கீழ் போல்ட் பத்தொன்பது வருஷத் துருவில்
அச்சோடு ஒட்டி உறவாகியிருந்தது.
எண்ணெய் விட்டேன், காத்திருந்தேன்,
ஸ்பேனரின் வாலில் இரும்புக் குழாயைச் செருகி
அதன்மேல் ஏறி நின்றேன்.
நான் எழுபத்தாறு கிலோ.
முதன்முறையாக அதற்கொரு உபயோகம்.
டக்.
கழன்றதா முறிந்ததா என்று
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
முறிந்திருந்தது.
ஞாயிற்றுக்கிழமையும் போயிற்று.

கழற்றியதைக் கையால் அமுக்கினேன்.
அமுங்கியது.
அப்படியே இருந்தது.
கசிந்த எண்ணெயில் மண் அப்பிக் கறுத்த களிம்பு.
எத்தனை வருஷமாய்
சும்மா கூட வந்திருக்கிறது.

புதியதைக் கட்டியிருந்த பட்டையை வெட்டியதும்
உள்ளே அடைபட்ட நைட்ரஜன்
யாரும் கேட்காமலே
தண்டை மெல்ல மெல்ல வெளியே நீட்டியது.
எலிசேயோ குனிந்து பார்த்தான்.
"இதுக்கு அவசரமே இல்லை" என்றான்.
அந்த இரண்டு நாளில் அவன் பேசிய
நீளமான வாக்கியம் அதுதான்.

நாலும் பொருத்தியபின் முன்மூலையை அழுத்தி விட்டேன்.
முன்பெல்லாம் மூன்று தரம் தலையாட்டும்.
இப்போது ஒரே தரம் எழுந்து, நின்றது.

செவ்வாய்க்கிழமை புறப்பட்டோம்.
சாலை திருந்தவில்லை, கல்லும் அதே கல்.
வரிகள் டயருக்கடியிலேயே ஓடின,
மேலே ஏறி வரவில்லை.
முதலில் நாய் படுத்தது,
நாலு காலையும் அகட்டி நின்றே
பத்து வருஷம் பயணித்த நாய்.
பிறகு கண்ணாடியில் காற்று உரசுவது கேட்டது.
இத்தனை நாளும் அது எங்களோடு வந்ததா?
பேசலாம் போலிருந்தது.
முட்டைக்காக இல்லை என்பதை
இங்கே வைத்துச் சொல்லிவிடலாம் என்று
தொண்டையைச் சரிசெய்துகொண்டு திரும்பினேன்.

எலிசேயோ தூங்குகிறான்.
வாய் கொஞ்சம் திறந்து,
தொப்பி கன்னத்தில் சரிந்து.

ஐம்பதாவது கிலோமீட்டரில் வேலிக் கதவு.
ஓட்டுவது நான், இறங்கித் திறப்பது அவன்;
கல்யாணத்திலிருந்து இதுதான் ஏற்பாடு.
காற்று பறித்துக்கொள்ளாதபடி
வண்டிக் கதவை இடுப்பால் தாங்கி இறங்கினேன்.
சங்கிலி உறைந்துபோயிருந்தது.
திறந்து, வண்டியைக் கடத்தி,
மறுபடி இறங்கிப் பூட்டித் திரும்புகையில்
பின்சக்கரத்தருகே குனிந்து
புதுக் குழாயைத் தொட்டேன்.

சுட்டது.
ஐம்பது கிலோமீட்டர் கல்லும்
அதற்குள் இருந்தது.
கையுறையைக் கழற்றி
இன்னொரு கையையும் அருகில் காட்டினேன்,
அடுப்புக்குக் காட்டுவதுபோல.

ஊரில் எண்ணினோம். பதினொன்று உடைந்திருந்தது.
நாய் ஏமாந்து என்னைப் பார்த்தது.
எலிசேயோ பழக்கத்தில் டயரைப் பார்த்தான்,
பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.
"கதவுக்கு என்னை எழுப்பியிருக்கலாமே."
"எந்தக் கதவு?" என்றேன்.