பால் கவரின் மூலை

எமில்டா பால் கவர் வெட்டுவதே ஒரு தினுசு.
மூலையில் கத்தரி பாதி போகும், நின்றுவிடும்.
வெட்டுப்பட்ட துண்டு
பிய்ந்தும் விழாத நகம் மாதிரி தொங்கும்.
தனியாய் விழுந்தால் யார் கைக்கும் சிக்காதாம்,
ஓடைக்குப் போய், அங்கிருந்து
யார் வீட்டு ஆட்டுக்கோ போகுமாம்.

அரிசி களைந்த தண்ணியில் கவருக்கு ஒரு அலசு.
அந்தத் தண்ணி கறிவேப்பிலைக்கு.
கவர் கொடிக்கு.
என் பனியனுக்கும் மகளின் யூனிஃபார்முக்கும் நடுவே
தினம் ஒரு நீலம் காயும்.
"தோரணமா கட்டுறே?" என்று கேட்டிருக்கிறேன்.
பதில் வராது, வாயில் கிளிப் இருக்கும்.

பத்துப் பத்தாய் மடித்து வாழைநாரில் கட்டுவாள்.
மாசக் கடைசியில் பச்சைக் கோட்டுப் பெண்கள் வந்து
கட்டுகளும் ஐம்பது ரூபாயும் வாங்கி
அட்டையில் கையெழுத்துப் போடுவார்கள்.
கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வார்டில்
அவள் கட்டை மட்டும் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஓணம் முடிந்த வாரம் டிப்பருக்கு ரெண்டு டியூ நின்றுபோனது.
சஜீவன் ஒரு லோடு சொன்னான்.
"மேலே தேங்காய்மட்டை. கீழே என்னன்னு நீ பாக்க வேண்டாம்."
நாலாயிரம்.
கோபாலபுரம் செக்போஸ்ட்டில் டார்ச் அடித்தவர்
மட்டையைப் பார்த்தார், கொட்டாவி விட்டார்.

எல்லை தாண்டி, தென்னந்தோப்புக்குப் பின்னால்
தண்ணி வற்றின ஒரு கல்குழி.
படுதாவை அவிழ்த்து டிப்பரைத் தூக்கினேன்.
முதலில் நாற்றம் இறங்கியது.
அப்புறம் டயாப்பர், சலைன் குழாய், பிரியாணி டப்பா,
யாரோ பிள்ளையின் கணக்கு நோட்டு.
எல்லாம் சரிந்த பிறகு
உச்சியில் வந்து உட்கார்ந்தது ஒரு கட்டு.
நீலம். வாழைநார்.

பிரிக்காமலே தெரிந்தது.
பிரித்தும் பார்த்தேன், செல்போன் வெளிச்சத்தில்.
பத்திலும் மூலை தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டுக் கட்டுதான் என்று சத்தியம் பண்ண முடியாது.
பாலக்காட்டில் எத்தனையோ எமில்டாக்கள் இருப்பார்கள்,
அவர்களில் ஒருத்தியுடையதாக இருக்கட்டும் என்று
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வேண்டிக்கொண்டேன்.
அது இன்னும் மோசம் என்று
திரும்பவும் செக்போஸ்ட் வரும்போதுதான் உறைத்தது.

ஒரு டியூ கட்டியாயிற்று.
கட்டு சீட்டுக்கு அடியிலேயே கிடந்தது.
ஏறும்போதெல்லாம் அதன்மேல்தான் உட்கார்ந்தேன்.

மாசக் கடைசி. திண்டுமேல் எமில்டா அடுக்கின மூன்றோடு
நாலாவதாய் அதைச் சொருகினேன்.
"இந்த மாசம் ஒண்ணு கூடுதலோ சேச்சி?"
பச்சைக் கோட்டுப் பெண் சிரித்தாள்.
எமில்டா சிரிக்கவில்லை.
"எங்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு கவர்தானே" என்றாள்,
நாலாவது கட்டை எடுத்து முகர்ந்தாள்.

நான் முற்றத்தில் ஹோஸ் பிடித்து
வண்டி கழுவிக்கொண்டிருந்தேன்.
அவர்கள் கேட் தாண்டிப் போன பிறகும்
கழுவின இடத்தையே கழுவிக்கொண்டிருந்தேன்.
எமில்டா வந்தாள்,
ஒன்றும் கேட்கவில்லை,
குழாயை மூடினாள்.