உறை போட்ட கொடி

அவர் ஏறினால்தான் கொடி.
இறங்கிய கையோடு நான்
கறுப்பு ரெக்ஸின் உறையை அதன் தலையில் மாட்டிவிட வேண்டும்.
வெறும் ஆசனம் கொடியோடு ஊர் சுற்றக் கூடாது.
ரெஜைனாவில், மைனஸ் முப்பத்தொன்றில்,
கையுறையைக் கழற்றினால்தான் உறையின் முடிச்சு அவிழும்.
ஒன்பது வருடத்தில் என் விரல் நுனிகள்
அரசியல் சட்டத்தில் படித்தது இவ்வளவு.

'ஆட்டுக்குத் தாடி எதுக்கு?' என்பான்
ஆல்பர்ட் தெரு பெட்ரோல் நிலையத்துத் திருச்சிக்காரன்,
ஒவ்வொரு முறையும் புதுசாய்ச் சொல்வதுபோல.
நானும் ஒவ்வொரு முறையும் சிரிப்பேன்.
பொய்யில்லையே. ஆளுநர் மேடம் ஹ்ரைசுக் செய்வதெல்லாம்
நாடா வெட்டுவது, நூறு வயதுக்காரருக்கு மடல் அனுப்புவது,
மூஸ் ஜாவில் தீயணைப்புக்காரனுக்குப் பதக்கம் குத்துவது.
வருடத்துக்கொரு முறை சட்டசபையில்
யாரோ எழுதித் தந்த பேச்சை
'எனது அரசாங்கம்' என்று தொடங்கி வாசிப்பது.
மன்னாரில் பெருநாளன்று சுரூபத்தைக் கூட்டில் ஏற்றி
வீதி சுற்றிக் கொண்டுவருவோம்.
தோள் கொடுத்தவன் திரும்புகிற பக்கம்தான்
மாதாவும் திரும்புவா.

நான் பிறந்த நாட்டு ஜனாதிபதிக்கு
நாடா வெட்ட நேரமிருக்கவில்லை.
பேனா இருந்தது.
பாதுகாப்பு அமைச்சும் அவரிடமே இருந்தது.
எங்கள் செபமாலை அண்ணனுக்கு
முதல் தாளில் மூன்று மாதம்.
பிறகு இன்னொரு தாள், இன்னொரு மூன்று.
ஆறு தாளில் பதினெட்டு மாதம்.
ஆறிலும் ஒரே கையெழுத்து,
கடைசி எழுத்தின் வால் வளைந்து மேலேறும்.
இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு
அதை நான் போட்டுக் காட்டுவேன்.

போன வியாழன் பத்தொன்பது மசோதா.
காருக்குள் ஹீட்டரைக் கூட்டிவிட்டு
கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.
குமாஸ்தா பெயர்களை வாசித்து முடித்தார்.
'அரசர் பெயரால் இசைகிறேன்' என்றார் மேடம்.
கடலுக்கு அப்பால் அரசர்
அந்நேரம் படுக்கப் போயிருப்பார்.

திரும்பும் வழியில் வஸ்கானா ஏரி
வெள்ளையாய், ஒரு கோடும் விழாத தாளாய்க் கிடந்தது.
'பத்தொன்பதையும் வாசித்தேன் குருஸ்,
பின்னிணைப்பு வரைக்கும்.
ஒருவரும் கேட்கவில்லை, வாசித்தாயா என்று.'
டூட்னி வீதிச் சிவப்பு விளக்கில்
கண்ணாடியில் என்னைப் பார்க்காமல் சொன்னார்:
'அதில் ஒன்று பிழை.
முதல்வரிடம் அரை மணி நேரம் சொல்லிப் பார்த்தேன்.
கவனமாய்க் கேட்டார். தேத்தண்ணி குடித்தார். நன்றி சொன்னார்.'

அவர் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.
நானும் கேட்டிருக்கக் கூடாது:
'பிறகேன் மேடம் சம்மதிச்சனீங்கள்?'

பச்சை விழுந்ததை இருவரும் கவனிக்கவில்லை.
பின்னால் நின்றவன் ஹாரன் அடிக்கவில்லை,
கொடியைக் கண்டிருப்பான்.

'அவர்களுக்கு ஆட்கள் வாக்குப் போட்டிருக்கிறார்கள்.
எனக்கு யார் போட்டது?'

வாசலில் இறங்கி, பனிக்கட்டியில் அடி பார்த்து வைத்து,
தலை வலிக்கிறதென்று உள்ளே போனார்.

பிழையென்று தெரிந்தும் விட்டுக்கொடுத்துவிட்டு
மாத்திரை தேடிப் போகும் ஒரு கை.
சரியென்று பட்டதையெல்லாம் எழுதித் தள்ளிவிட்டு
நிம்மதியாய் உறங்கிய ஒரு கை.
முதல் கையைத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது என்று
கொடியருகே நின்று சொல்லிக்கொண்டேன்.
விரல் மரத்தது. முடிச்சு இறுகவில்லை.

ஆனால் அந்த ஒன்று எது?
அதன் எந்தப் பிரிவில், எந்த உட்பிரிவில்
யாருடைய அண்ணன் இருக்கிறான்?

இரவில் எஞ்சின் விறைக்காமலிருக்க
காரைச் சுவரோடு வயரில் இணைத்தேன்.
திருச்சிக்காரனிடம் சொல்ல
கடைசியில் ஒரு பதில் கிடைத்திருந்தது, நல்ல பதில்.
பஸ் வருவதற்குள்
அதை நானே நம்பவில்லை.