நாய் படுத்திருக்கும் படி வரை

வால்பராய்சோவில் எங்கள் குன்றுக்கு
இரண்டே இழுவைப் பெட்டிகள்.
ஒன்று ஏறினால் மற்றது இறங்கும்.
கீழே சீட்டுக் கிழிப்பவள் நான்.
மேலே, மதியத்திலிருந்து, நிபால்தோ.
முப்பத்தோரு வருடமாக
ஊரைத் தூக்கி மேலே வைத்தவர்
தன்னைத் தூக்கிக்கொண்டு ஒருநாளும் ஏறியதில்லை.
வேலைக்கு வருவதும் பெட்டியில்தான்.

டாக்டர் ஒயார்சூன் ஒரு தாளில் எழுதித் தந்தார்:
உப்பு, ரொட்டி, சர்க்கரை,
தினம் அரைமணி நடை.
நான்காய் மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார்.
தலைக்கு மேல் இருந்ததே தவிர
தலைக்குள் இறங்கவில்லை.

ஜனவரி ஒன்றாம் தேதி, கொளுத்தும் வெயிலில்,
புதுச் சப்பாத்து போட்டுக்கொண்டு
பக்கத்துப் படிக்கட்டில் ஏறினார்.
சொன்னபடி நடக்க
நூற்று அறுபத்தொரு படி.
மேலே போய்ச் சேர்ந்தபோது உதடு நீலம்.
முழங்கால் மூன்று நாள் பேசவில்லை.
சப்பாத்து பெட்டிக்குத் திரும்பியது.

மார்ச் மாதம் ஒரு மத்தியானம்
பழைய செருப்போடு பதினேழாம் படி வரை போனார்.
அங்கே வெயில் துண்டில்
யாருடையதும் அல்லாத ஒரு பழுப்பு நாய்.
காதைச் சொறிந்துவிட்டார்,
இறங்கிவந்தார்,
பெட்டியில் ஏறிக்கொண்டார்.
"அவ்வளவுதானா?" என்றேன்.
"நாய் அங்கேதானே படுத்திருக்கிறது" என்றார்.

மறுநாளும் பதினேழு.
அதற்கு மறுநாளும்.
எனக்குச் சிரிப்பு வந்தது,
சில்லறையில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

குளிர் நெருங்க நெருங்க
எதிர்க் கட்டடத்தின் நிழல் படியேறியது.
வெயில் ஒதுங்கி மேலே போக
நாயும் போனது. இருபத்தாறு.
முப்பது.
நிபால்தோவுக்கு வேறு வழியில்லை.
டாக்டரிடம் சாக்குச் சொல்லலாம்;
காது கொடுத்துக் காத்திருக்கும் நாயிடம்
என்ன சொல்வது?

தேநீருக்கு மூன்று கரண்டி சர்க்கரை.
மூன்றை விட மனமில்லை.
கரண்டியை மாற்றினார்.
உப்புச் சிமிழுக்கு வந்ததை
மனைவி ஓர்ஃபெலினா வீடு முழுக்கத் தேடினாள்;
இப்போது அதே குட்டிக் கரண்டி
இயந்திர அறையின் ஆணியில் தொங்குகிறது.

ஜூலையில் எட்டு நாள் விடாத மழை.
நாயும் இல்லை, நடையும் இல்லை.
இதோடு போச்சு என்று நான் நினைத்தேன்.
ஒன்பதாம் நாள் சேறு மிதித்து
ஐம்பத்தெட்டுக்குப் போனார்,
நேற்றுத்தான் விட்டுவந்ததைப்போல.
விட்ட நாட்களை
அவர் எண்ணி வைக்கவே இல்லை.
நான்தான் எண்ணினேன்.

என் கதை: சிகரெட். பதினாறு வயதிலிருந்து.
பொதிந்து எறிந்தது ஏழு முறை,
குப்பையில் தேடியது ஏழு முறை.
இப்போது சிகரெட் என்னிடம்,
தீப்பெட்டி நிபால்தோவின் சட்டைப்பையில்.
வேண்டுமென்றால் மணியை மூன்றுமுறை அடிக்க வேண்டும்.
காலிப் பெட்டியில், பெரிய மனிதரைப்போல்,
இருக்கையில் தனியாக உட்கார்ந்து
தீப்பெட்டி இறங்கி வரும்.
பயணிகள் பார்ப்பார்கள்.
நாளுக்குப் பதினொன்று
இப்போது ஐந்தாகியிருக்கிறது,
வெட்கத்தில் பாதி, சோம்பலில் பாதி.

ஆகஸ்டில் ரத்தம் எடுத்தார்கள்.
"கொஞ்சம் குறைந்திருக்கிறது" என்றாராம் டாக்டர்.
அந்தக் 'கொஞ்ச'த்தை
நாள் முழுக்க வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தார் நிபால்தோ.

இப்போது செப்டம்பர். நிழல் இறங்குகிறது.
வெயிலும் நாயும் திரும்பிக்
கீழ்ப்படிகளுக்கு வந்துகொண்டிருக்கின்றன.
இன்று நாய் நாற்பதில் படுத்திருந்தது.
நிபால்தோ குனிந்தார், காதைச் சொறிந்தார்,
நிமிர்ந்து கீழே என்னைப் பார்த்தார்,
பிறகு மேலே பார்த்தார்.

அதற்குள் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம்,
முப்பது சீட்டு கிழிக்க வேண்டியிருந்தது.
தலை நிமிர்ந்தபோது படிக்கட்டில் நாய் மட்டும்.
பெட்டி அவர் இல்லாமல் ஏறிப்போயிருந்தது.
காலை வேலைக்காரன் உலிசெஸ்
மேலேயிருந்து தொலைபேசியில் கத்தினான்:
"எங்கே அந்தக் கிழவன்?
என் பஸ் போய்விடும்!"

ஒரு சிகரெட்டை உதட்டில் வைத்துக்கொண்டேன்.
தீப்பெட்டி இன்னும்
வழியில் எங்கோ ஏறிக்கொண்டிருந்தது.